மேல்மாடியில் ஊற்றிய தண்ணீர்

கவலைப்படுவது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால், எடுக்கும் முன்பே யாரோ செத்துவிட்டார்கள் என்று அழத் தயாராகிவிடுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "கவலை இல்லாட்டி, ஏன் இல்லையெண்டு அதுக்கும் கவலைப்படுவீர்" என்பார். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் நான் பட்ட கவலை அந்த வகை அல்ல. நான் செய்த பிழைக்காக இன்னொரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. பிழை யாருடையது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒரு பழைய கம்பளி ஆலையில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். புலம்பெயர்ந்து வந்த நகரின் ஓரத்தில், மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் எடுத்து, பிறகு இறக்கத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் செங்கல்லும் யன்னலுமாக மூன்று மாடிக்கு நிற்கும். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்த ஒரு குடும்பம் தங்கள் ஊர் ஆலைகளைப் பார்த்து அதே மாதிரிக் கட்டியதாம். கம்பளி போனபின் அட்டைப்பெட்டி செய்தார்கள். அதுவும் போனபின் நெடுங்காலம் புறாக்கள் குடியிருந்தன. கடைசியில் ஒரு கொம்பனி வாங்கி, செங்கல்லைக் கழுவி, கண்ணாடிக் கதவு போட்டு, அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டது.

கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பொறுப்பாக இருந்த மனேஜரின் வாயிலிருந்து வந்தது. மாதத்தில் ஒருநாள் அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து சுற்றிக் காட்டுவார். நான் பக்கத்தில் கண்ணாடி துடைக்கிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். சுவர் அடியில் இரண்டு முழத்துக்குக் கிட்டத் தடிப்பு. ஒவ்வொரு மாடியிலும் உள்ளுக்குக் கொஞ்சம் மெலிந்துகொண்டு போகும், மெலிகிற இடத்தில் உத்தரங்களின் நுனி சுவருக்குள் நுழைந்திருக்கும். கீழ்மாடித் தூண்களைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் சந்திக்காது, மேல்மாடித் தூண்களில் சந்திக்கும். படிக்கட்டு கட்டடத்துக்குள்ளே இல்லை. வெளியே தனிக் கோபுரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெருப்பு படியால்தான் மேலே ஏறுமாம், அதனால் படியையே வெளியே தள்ளிவிட்டார்கள்.

எல்லாமே நெருப்புக்குப் பயந்து செய்தவை. கம்பளித் தூசி, எண்ணெய் விளக்கு, இயந்திரச் சூடு என்று எந்த நேரமும் பற்றிக்கொள்ளலாம் என்ற பயத்திலேயே ஒவ்வொரு மூலையையும் யோசித்திருக்கிறார்கள். மெல்லிய மரம் கெதியாய் எரியும் என்று மூன்று அங்குலப் பலகையில் தரை போட்டார்கள். நெருப்பு ஒளிந்திருக்க இடம் கொடுக்கக்கூடாது என்று சீலிங் அடிக்காமல் விட்டார்கள். மேல்மாடியின் தரைதான் நடுமாடியின் முகடு. நடுவில் வேறொன்றும் இல்லை. கட்டியவர்களும் என்னைப் போலப் பயந்த பிறவிகள் என்று எனக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

அந்தக் கொம்பனியின் கட்டடங்களில் திருத்த வேலை செய்ய ஒருவர் தன் வான் வண்டியில் வருவார். இலங்கை முஸ்லிம். நான் அவரை அவர்கள் வழக்கப்படி நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். உண்மையில் அவர்தான் என்னிலும் ஒன்றிரண்டு வயது இளமையாக இருப்பார், ஆனால் வாயில் வந்த முறை அப்படியே நின்றுவிட்டது. பத்து மணிக்கு பொயிலர் அறையில் இருவரும் தேத்தண்ணீர் குடிப்போம். பேச்சுவாக்கில் ஒருமுறை புத்தளம் என்றார். அவர் புத்தளத்து ஆள் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை. கொம்பனியோடு அவர் செய்திருந்த ஒப்பந்தம், அந்தக் கொன்ராக்ற், அந்த மாத முடிவில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதை நம்பித்தான் புது வான் எடுத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவர் மேல்மாடியில் அறையைச் சூடாக்கும் ஒரு சுடுதண்ணீர் ரேடியேற்றரின் பழைய குழாய் மூட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். அந்த மாடியில் இருந்தவர்கள் வியாபாரம் படுத்துக் காலி செய்திருந்தார்கள். அடுத்த கிழமை புது ஆட்கள் பார்க்க வருவதால் தரை பளபளவென்று இருக்கவேண்டும் என்று மனேஜர் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மேலே போனேன். நடுமாடியில் இருந்த, கட்டடங்களுக்குப் படம் வரையும் அலுவலகத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. முழுக் கட்டடமும் அமைதியாக இருந்தது.

காலியான தரையைப் பார்த்தபோதுதான் அந்த ஓட்டைகள் என் கண்ணில் பட்டன. முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் மேசைகளுக்குப் பின்னால் கிடந்ததால் கவனித்ததில்லை. சுவரின் அடியில், தரையோடு தரையாக, கை நுழையும் அளவுக்கு, இரும்பால் உதடு வைத்த ஓட்டைகள். தரையும் அவற்றை நோக்கி மெல்லிதாகச் சரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் சீமெந்துத் தரை போட்ட எந்த வீட்டிலும் இந்த ஓட்டை இருக்கும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, அதன் வழியே வெளியே தள்ளிவிடுவோம். வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவாமல் விளக்கேற்ற மாட்டோம்.

முப்பது வருடமாக இந்த நாட்டில் மொப் பிடிக்கிறேன். அழுக்கை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாற்றுவதுதான் அந்தச் சாமானின் வேலை என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்துக்காரன் தரை கழுவத் தெரிந்தவன்தான், நாங்கள்தான் இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஆறு வாளி இருக்கும். பலகையில் ஊறிக் கிடந்த பழைய கம்பளி எண்ணெய் கிளம்பி, நனைந்த ஆட்டு மணம் எழும்பியது. நான் அதையும் ரசித்துக்கொண்டு தேய்த்தேன். வியாபாரம் நொடித்த இடம் என்று மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. வீட்டுக்கென்று வாங்கிய மஞ்சள்தூள் பையில் இருந்தது, கடைசி வாளியில் அதில் பாதியைக் கரைத்துத் தரையெங்கும் தெளித்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் அங்கே ஒருநாளும் வேலை செய்ததில்லை.

தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓடிப் போய் அப்படியே நின்றது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். அரை முழத்துக்கு உள்ளே சீமெந்து. குளிர் வராமல் இருக்க, கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் எல்லா ஓட்டையையும் வெளிப்பக்கம் அடைத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளம் வற்றத் தொடங்கியது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகிறது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. 

கையில் அகப்பட்ட துணியெல்லாம் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். நடுமாடி முகட்டின் வெள்ளைப் பெயின்ரில் பலகை இடுக்கு வழியாக வரிவரியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய மேசையில் சொட்டியதைத் துடைத்தேன். தரையைத் துடைத்தேன். அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்த படங்களை நான் அப்போது கவனிக்கவில்லை. சொட்டு நிற்கும்வரை வாளி பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் எடுத்தேன். யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது நடுமாடியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகடு காய்ந்துதான் இருந்தது. ஆனால் பலகை இடுக்குகளில் நெடுகிலும் மஞ்சள் கறை. பழைய தூசியையும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு இறங்கியதால் மஞ்சள் பழுப்பாகியிருந்தது. அலுமாரி மேலிருந்த படங்களும் அதே கறையில் ஊறிப் பழுதாகியிருந்தன. துரு என்றார் மனேஜர். மற்றவர்களும் துரு என்றார்கள். அதற்கு நேர் மேலேதான் நானா வியாழக்கிழமை மூட்டு மாற்றிய ரேடியேற்றர் இருந்தது. வேறு யோசிக்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

நானாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணியில் ஏறிக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். மேலே போய் ரேடியேற்றரைத் தடவிப் பார்த்தார். மூட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று மனேஜரிடம் சொன்னார். இப்போது இல்லாமல் இருக்கலாம், வெள்ளிக்கிழமை இருந்திருக்கும் என்றார் மனேஜர். நானா திரும்ப எதிர்த்துப் பேசவில்லை. நான் மூன்றடி தள்ளி மொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மொப்பை வாளிக்குள் வைத்துப் பிழிந்தேன்.

அன்றிரவு வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"உம்மை ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

"பிறகென்ன? பேசாமல் இரும். அந்தாள் கைத்தொழில் தெரிஞ்சவர், வேற இடம் எடுப்பார். உமக்கு இந்த வயசில ஆர் வேலை தரப்போறாங்கள்?"

எனக்கு அவர்மேல் சரியான கோபம் வந்தது. நான் கேட்க ஆசைப்பட்டதை அப்படியே சொன்னார் என்பதால் வந்த கோபம் அது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். ஆனால் செவ்வாய்க்கிழமையும் நான் பேசாமல்தான் இருந்தேன். பத்து மணிக்கு பொயிலர் அறைக்குப் போகாமல், கழிவறையில் ஏற்கெனவே கழுவிய தொட்டியைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஒரு எஞ்சினியரைக் கூட்டி வந்தார்கள். வயதான மனிதர். பழைய ஆலைகள் என்றால் அவருக்கு ஒரு பைத்தியம் போல, வந்த வேலையை விட்டுவிட்டுத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நனைந்த பலகை ஊதும், ஒவ்வொன்றும் கொஞ்சம் ஊதினால் எல்லாம் சேர்ந்து சுவரையே வெளியே தள்ளிவிடும் என்று அவர் சொன்னார். சுவர் ஆற்றுக்குள் சரிவதும், நான் அதன் அடியில் கிடப்பதும், போலீஸ் வருவதும் எல்லாம் கண்முன்னே வந்துவிட்டன. பிறகு அவர் தரையின் ஓரத்தைக் காட்டினார். கட்டியவர்கள் அதையும் யோசித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விரலளவு இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால் சுவருக்கு ஆபத்தில்லை என்றார்.

உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தையும் காட்டினார். உத்தரத்தின் நுனியை நேராக அறுக்காமல், மேல்பக்கம் சரிவாக அறுத்திருந்தார்கள். நெருப்புப் பிடித்து உத்தரம் நடுவில் முறிந்தால், அந்த நுனி சுவரை நெம்பாமல் தானாகக் கழன்று விழும், சுவர் நிற்கும் என்றார். விழப்போகிற மரம் சுவரையும் சேர்த்து இழுக்கக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். மரத்துக்கே இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்று எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

கடைசியில் மனேஜர் அந்த ஓட்டைகளைக் காட்டி அவை எதற்கு என்று கேட்டார். நெருப்பை அணைக்க முகட்டுக் குழாய்கள் தண்ணீர் பீய்ச்சினால், அந்தத் தண்ணீர் கீழ்மாடிச் சாமான்களைக் கெடுக்காமல் வெளியே ஓட வைத்தவை என்றார் எஞ்சினியர். தரை கழுவ வைத்தவை அல்ல. பலகைத் தரையை யாராவது வாளியால் ஊற்றிக் கழுவுவார்களா? அவர் கேட்கவில்லை, நான்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். அன்று மாலை பஸ்ஸில் என் இடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை மனேஜரின் அறைக்குள் குப்பைக்கூடை எடுக்கப் போனேன். அவர் தொலைபேசியில் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கொன்ராக்ற் புதுப்பிப்பதில்லை என்ற கடிதம் நாளைக்கு நானாவின் கைக்குப் போய்விடும், நல்ல மனிதர்தான், ஆனால் பிழையை ஒத்துக்கொள்கிறார் இல்லை, அதுதான் பிரச்சினை என்றார். நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்ன என்று பார்த்தார்.

அது ரேடியேற்றர் அல்ல, நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வாளி என்றேன். ஆறு வாளி என்றேன். கறை துரு இல்லை, மஞ்சள், கறிக்குப் போடுகிற மஞ்சள் என்றேன். என் இங்கிலிஸ் அந்த நேரம் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டது. மிச்சத்தைக் கையால் ஊற்றி, கையால் தெளித்துக் காட்டினேன். 

"ஏன் திங்கட்கிழமை சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

பயம் என்றேன். அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இருக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தரவேண்டி வரும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்றார். பிறகு என் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு எடுத்து, நானாவுக்கான கடிதத்தை நிறுத்தச் சொன்னார். போய் அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அறைக்கு வெளியே வந்தபோது குப்பைக்கூடை இன்னும் என் கையில்தான் இருந்தது.

நானா மேல்மாடியில் இருந்தார். பிழையில்லாத அதே மூட்டை மூன்றாம் தடவையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். 

"நானா, அது உங்கட பிழை இல்லை. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினனான். மனேஜரிட்டச் சொல்லிப்போட்டன். உங்கட கொன்ராக்ற்றுக்கு ஒண்டும் வராது."

அவர் திரும்பவில்லை. "தெரியும் அக்கா" என்றார்.

"மனேஜர் சொல்லிட்டாரோ?"

"இல்லை. திங்கக்கிழமையே தெரியும். விரலால தொட்ட உடன தெரிஞ்சிட்டுது. துரு கையில உப்பிடிப் பிடிக்காது. மணந்தும் பாத்தனான்."

 நாலு நாளாக அவர் எனக்கு முன்னால் ஏணியில் ஏறினார், இறங்கினார், காலை வணக்கம் சொன்னார், எல்லாம் தெரிந்துகொண்டு.

"பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?"

அவர் மூட்டுத் திருகும் குறட்டைக் கீழே வைத்துவிட்டு யன்னல் திட்டில் இருந்தார்.

"நாங்கள் யாழ்ப்பாணம் ரவுணுக்க இருந்தனாங்கள்."

"புத்தளம் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"புத்தளம் பிறகு. தொண்ணூறில இயக்கப் பெடியள் முஸ்லிம் ஆக்களை எல்லாம் துரத்தினாப் பிறகு. எனக்கு அப்ப பதினாலு வயசு. பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமையில வீடு கழுவி மஞ்சள் தண்ணி தெளிப்பா. தன்ர வாசலோட நிக்கமாட்டா, எங்கட வேலிப் படலையடி வரைக்கும் தெளிச்சுவிடுவா. உம்மா ஒரு நாளும் வேண்டாம் எண்டு சொன்னதில்லை. எங்களை ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு அவ தன்ர படலைக்க நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ. அவவுக்குப் பின்னால புருசன், பிள்ளையள். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இவை நல்ல சனம், இவையை ஏன் அனுப்புறியள் எண்டு ஒரு சொல்லு. உம்மா திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவ."

"பயந்திருப்பினம்" என்றேன். 

"ஓம். பயம்தான். அது எனக்கு விளங்காமலில்லை." அவர் தன் விரல்களைத் துணியில் துடைத்தார். "திங்கக்கிழமை நீங்கள் மொப்போட நிண்ட நிலையைப் பாத்தன். இவ சொல்லுவாவோ, இல்லாட்டி இவவும் படலைக்கதான் நிப்பாவோ எண்டு பாப்பம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

"கொன்ராக்ற் போயிருந்தா?"

"போயிருக்கும். அதைவிடப் பெரிசெல்லாம் முந்தியே போனது."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. குறட்டை எடுத்து மூட்டைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்.

அந்த நாளில் எனக்குப் பதினாறு வயது. எங்கள் வீடும் ரவுணுக்குப் பக்கத்தில்தான், அவர்கள் போன றோட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. சனம் பைகளோடு போகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னதும் அப்பா படலையைச் சாத்தினார். நான் வேலி ஓட்டையால் பார்த்தேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முகப்பால் போனாள். என்னிடம் வாங்கிய கொப்பியைத் திருப்பித்தர வந்தவள் போல எங்கள் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். இதை நான் வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை.

பேசாமல் கீழே இறங்கிவிடலாம் என்று கால் திரும்பியது.  இந்த முறை நான் நாலு நாள் எடுக்கவில்லை.

"நானா, அண்டைக்கு நானும் யாழ்ப்பாணத்திலதான் இருந்தனான்" என்றேன். "உங்கட ஆக்கள் போகேக்க வேலிக்குப் பின்னால நிண்டு பாத்தனான்."

அவர் மூட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.